கேஷுவல் மேட்சில் எதற்குத் திறன் பார்த்து ஆள் சேர்க்க வேண்டும்?

பிப்ரவரி 6, இரவு 11:40

நேராகவே கேட்கிறேன். இணையத்தில் ஆடும் சுடும் கேம்களில், தரவரிசைக்காக முட்டி மோத ரேங்க் மேட்ச் என்று தனியாக ஒன்று இருக்கிறது. முட்டி மோத ஆசை வந்தால் அங்கே போகிறேன். அப்புறம் சும்மா பொழுதுபோக்காக ஆடும் கேஷுவலிலும் எதற்காக என் திறனை அளந்து, எனக்குச் சமமான ஆட்களாகவே பொறுக்கி எடுத்து எதிரில் நிறுத்த வேண்டும்?

வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். முதல் மேட்ச் நன்றாகப் போகிறது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எதிரணி ஆறு பேரும் சறுக்கிக்கொண்டே மூலை திரும்புகிறார்கள். ஆறு பேர் கையிலும் ஒரே துப்பாக்கி. நான் தலையை நீட்டுவதற்குள் செத்துக் கிடக்கிறேன். நான்கும் ஐந்தும் அதே கதை. ஆறாவது மேட்சில் பார்த்தால் எதிரில் இருப்பவர்கள் சுவரைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். இளைப்பாற வந்தவனுக்குத் தினமும் பரீட்சை.

பழைய கேம்களில் இந்தத் தொல்லையே கிடையாது. கேஷுவலிலிருந்து இதை அடியோடு தூக்க வேண்டும். என் கட்சி இதுதான், மறுப்பவர்கள் வரலாம்.

பிப்ரவரி 7, காலை 7:15

வந்துவிட்டீர்கள். "உனக்குச் சுமாரான ஆட்களை அடித்து ஜெயிக்க ஆசை, அதை நியாயம் போலப் பேசுகிறாய்" என்று மூன்று பேர், வார்த்தை மாற்றி ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறீர்கள்.

இல்லை.

சரி, கொஞ்சம் ஆமாம். ஆனால் அது மட்டும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் எனக்குத் துப்பாக்கியின் உதறலை அடக்கத் தெரியாது. இப்போது தெரியும். செத்த எதிராளி வரைபடத்தில் எந்தப் பக்கம் மறுபடி முளைப்பான் என்று ஊகிக்கத் தெரியாது. இப்போது பாதி நேரம் சரியாக வருகிறது. இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகு என் ஸ்கோர் என்ன? ஆறு மாதத்துக்கு முன்பு இருந்த அதே ஸ்கோர். நான் ஒரு படி ஏறினால் எதிரில் இருப்பவர்களும் ஒரு படி ஏறிவிடுகிறார்கள். ஓடுபொறியில் ஓடுகிற மாதிரி இருக்கிறது. வியர்வை மட்டும் நிஜம்.

பிப்ரவரி 7, இரவு 10:05

ஒரு திருத்தம். "பழைய கேம்களில் கிடையாது" என்று எழுதியது தப்பு. ஒருவர் கிண்டலாகத் தேதி கேட்டார், தேடிப் பார்த்துவிட்டு வந்து ஒப்புக்கொள்கிறேன். ஹேலோ 2 வந்தது 2004-இல், அதிலேயே ஆட்டக்காரரின் நிலை பார்த்து ஆள் சேர்த்தார்கள். 2007-இல் வந்த ஹேலோ 3-இல் ஆட்டக்காரரின் திறனை மதிப்பிடும் ட்ரூஸ்கில் என்ற மைக்ரோசாஃப்ட் ஆய்வகக் கணக்கு ஓடியது. கால் ஆஃப் டூட்டியிலும் 2007-இன் மாடர்ன் வார்ஃபேரிலிருந்தே திறனையும் ஒரு காரணியாகப் பார்த்து வந்திருக்கிறோம் என்று அதை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனமே சொல்லிவிட்டது.

அப்படியானால் எனக்கு ஞாபகம் இருக்கிற "பழைய காலம்" எது? யோசித்துப் பார்த்தால் அது கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 காலத்துச் சர்வர் பட்டியல். பெயர், வரைபடம், ஆட்கள் எண்ணிக்கை, பிங் (நமக்கும் சர்வருக்கும் இடையே தகவல் போய்வரும் நேரம்), இவ்வளவுதான் வரிசையில் இருக்கும். பிங் குறைவாக இருப்பதில் நுழைவோம். நான் எப்போதும் ஒரே சர்வரில்தான் நுழைவேன். இரவு ஒன்பதரைக்கு மேல் அதே பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அதில் ஒருவன் கத்தியால் மட்டுமே கொல்வான். அவன் காலடிச் சத்தம் கேட்டால் எங்கள் அணி மொத்தமும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கும். அவனை முதன்முதலாக நான் சுட்டு வீழ்த்திய அன்று இரண்டு அணியும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எனக்குச் செய்தி அனுப்பியது. என்னை அதற்கு முன்னால் அவன் எத்தனை தடவை கொன்றிருப்பான் என்பதற்குக் கணக்கே இல்லை.

அங்கே திறன் பொருத்தம் இல்லை என்பது உண்மை. ஆனால் எனக்கு இனித்தது அது இல்லாததாலா, அதே முகங்கள் மறுநாளும் இருந்ததாலா? இந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 9

திறன் பார்த்துச் சேர்த்தால் எல்லாருக்கும் வெற்றி 50 சதவீதத்தில் வந்து நிற்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டவருக்கு.

எல்லாம் சதுரங்கத்திலிருந்து வந்தது. அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் போட்ட கணக்கை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் எடுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி என்றால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. 100 புள்ளி கூட இருப்பவருக்கு எதிர்பார்ப்பு 64 சதவீதம், 200 என்றால் 76, 400 என்றால் 91. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் புள்ளி ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். சமமான ஆட்களாகவே தேடிக் கொடுத்தால் எல்லாரும் பாதி ஜெயித்துப் பாதி தோற்கத்தான் வேண்டும். இதில் சதி ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். லிசெஸ் தளத்தில் நானும் சதுரங்கம் ஆடுகிறேன். புதிதாக வருகிறவருக்கு 1500 என்று ஒரு எண் கொடுக்கிறார்கள், அது ஏறுவதும் இறங்குவதும் கண் முன்னால் நடக்கிறது. அங்கேயும் நான் பாதி தோற்கிறேன், ஆனால் ஒருநாளும் இப்படி வந்து புலம்பியதில்லை. ஏனென்றால் போன வருடம் 1340-இல் இருந்தவன் இந்த வருடம் 1480-இல் தோற்கிறேன். தோற்கும் இடம் மாறியிருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது. சுடும் ஆட்டத்தின் கேஷுவலிலும் அதே போல ஒரு எண் இருக்கிறது. ஆனால் அதைப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். என் மதிப்பெண் எனக்குத் தெரியாது, அந்தச் சர்வருக்கு மட்டும் தெரியும்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

என் லிசெஸ் எண்ணைப் பார்த்துச் சிரித்தவர்கள் பெயரெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12

"வேண்டுமென்றே ஜெயிக்க வைத்து வேண்டுமென்றே தோற்க வைக்கிறார்கள், துப்பாக்கிக்கு அழகுக்காகப் போடும் பூச்சைக் காசுக்கு விற்கத்தான் இதெல்லாம்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, அது முழுக்க ஆதாரமில்லாத பேச்சும் இல்லை. 2017-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்து ஆட்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சமமான மேட்ச் தருவதைவிட, ஆட்டக்காரர் கேமை விட்டுப் போகாதபடி வெற்றி தோல்வி வரிசையைப் பார்த்து ஆள் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். அதே வருடம் ஆக்டிவிஷனுக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. நல்ல ஆயுதம் வைத்திருப்பவரோடு இல்லாதவரைச் சேர்த்துவிட்டு ஆசை காட்டுவதும் அதில் உண்டு. ஆக்டிவிஷன் அதை எந்தக் கேமிலும் பயன்படுத்தவில்லை என்றது. நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு.

எனக்கு நடப்பது அதுதானா என்று பார்க்க நோட்டில் குறித்தேன். 60 மேட்ச். 31 வெற்றி, 29 தோல்வி. நடுவே ஒரு தடவை தொடர்ந்து ஆறு தோல்வி. அதைப் பார்த்ததும் "மாட்டிக்கொண்டான்" என்று இங்கே எழுத ஓடி வந்தேன். பாதி எழுதும்போது ஒரு யோசனை. வெறும் நாணயத்தை 60 தடவை சுண்டினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டேன். ஆறு பூவோ ஆறு தலையோ அடுத்தடுத்து ஒருமுறைகூட விழாமல் 60-ஐ முடிப்பது பத்தில் சுமார் நான்கு தடவைதான் நடக்கும். நாணயத்துக்கு யாரும் பூச்சு விற்பதில்லை.

ஆகவே என் ஆறு தோல்வி எதையும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவில்லை என்பதற்காக எரிச்சல் குறைந்துவிடவும் இல்லை.

பிப்ரவரி 13

நோட்டுக் கணக்கில் பிழை. பாதியில் உள்ளே தள்ளப்பட்ட இரண்டு மேட்சைத் தோல்வியில் சேர்த்திருக்கிறேன். ஏற்கெனவே 70-க்கு 30 என்று மூழ்கிக்கொண்டிருந்த கப்பலில் கடைசி நிமிடம் ஏற்றிவிட்டதற்கு நான் எப்படிப் பொறுப்பு? 31-க்கு 27.

பிப்ரவரி 15

பிங் பற்றி யாருமே பேசவில்லையே.

பக்கத்தில் ஆள் இருக்கும்போது, திறன் பொருந்தவில்லை என்று என்னைத் தொலைவில் உள்ள சர்வரில் கொண்டுபோய்ப் போடுவதுதான் எனக்கு மிகப் பெரிய குறை. 25 மில்லிநொடி பிங்கில் ஆடிப் பழகியவனுக்கு 110 என்றால், சுவருக்குப் பின்னால் முழுதாக மறைந்த பிறகும் சாவு வரும். திரும்பக் காட்டும் காட்சியில் பார்த்தால் எதிராளியின் திரையில் நான் இன்னும் வெளியேதான் நிற்கிறேன். அவன் மேல் தப்பில்லை. பின்னிரவில் இது இன்னும் மோசம். ஆள் குறைவு என்பதால் தேடல் சில நொடிக்கு ஒருமுறை வலையை அகலமாக விரிக்கிறது. திறனிலும் விரிக்கிறது, தூரத்திலும் விரிக்கிறது. எதை முதலில் விட்டுக்கொடுப்பது என்பது அவர்கள் முடிவு. நானாக இருந்தால் திறனைத்தான் முதலில் விடுவேன். என்னைவிடக் கெட்டிக்காரனிடம் தோற்பதில் எனக்குக் கஷ்டமில்லை. நான் ஒளிந்துவிட்டேன் என்பதையாவது அவன் திரை நம்ப வேண்டும்.

பிப்ரவரி 18

இன்று எழுதப் போவது என் கட்சிக்கே எதிரானது. எழுதாமல் இருக்கலாம் என்றுகூடப் பார்த்தேன்.

அக்கா மகன், பதினைந்து வயது, போன மாதம்தான் இந்தக் கேமை ஆரம்பித்தான். தனியாக ஆடும்போது குஷியாக இருப்பான். பத்துக் கொன்று பன்னிரண்டு செத்தாலே அவனுக்குத் திருவிழா. ஞாயிறு மதியம் "மாமா, சேர்ந்து ஆடலாமா" என்றான். சேர்ந்தோம்.

ஒன்றாகச் சேர்ந்து போனால் தேடல் அவனுக்காக இறங்கி வராது. என் அளவுக்கு ஏற்ற லாபியிலோ (ஒரு மேட்சுக்காகச் சேர்க்கப்படும் கூட்டம்), அதற்குக் கொஞ்சம் கீழோ விழுவோம். முதல் மேட்ச்: அவன் 2 கொன்றான், 21 செத்தான். இரண்டாவதில் நான் அவன் கூடவே நடந்தேன். "கதவை ஒட்டி நில், நான் சொல்லும்போது வா" என்றேன். சொல்வதற்குள் ஒருவன் மாடியிலிருந்து குதித்துக்கொண்டே இரண்டு பேரையும் சுட்டுவிட்டுக் கீழே கால் ஊன்றினான். மூன்றாவது மேட்சில் இவன் முளைக்கும் இடத்திலேயே படுத்துக்கொண்டான். வெளியே வரவில்லை. காதுக்கருவியில் சத்தமும் இல்லை.

மேட்ச் முடிந்ததும், "நீங்க ஆடுங்க மாமா, நான் வெளியே இருந்து பார்க்கிறேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று இரவு அவன் தனியாக ஆடினான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் எல்லாரும் அவனைப் போலவே. ஒருவன் குண்டை எறிகிறேன் என்று தன் காலடியிலேயே போட்டுக்கொண்டான். இவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் அடியோடு தூக்கச் சொல்கிற அந்தக் கணக்குதான் அவனுக்கு இந்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது.

பிப்ரவரி 19

"அப்படியானால் உன் கட்சி முடிந்தது" என்கிறார்கள். முடியவில்லை, நொண்டுகிறது.

பிப்ரவரி 22

மேலே ஒருவர் ஆக்டிவிஷன் 2024-இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பை எடுத்துப் போட்டிருந்தார். உட்கார்ந்து படித்தேன். அந்த வருடத் தொடக்கத்தில் கால் ஆஃப் டூட்டி வரிசையின் மாடர்ன் வார்ஃபேர் 3-இல், ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் திறனுக்கு இருந்த எடையைச் சத்தமில்லாமல் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். பாதியில் வெளியேறுகிறவர்கள் அதிகமானார்கள். 90 சதவீத ஆட்டக்காரர்கள் திரும்பி வருவது குறைந்தது. மேலே இருக்கிற பத்து சதவீதம்தான் சந்தோஷமாக இருந்தது.

வியாபாரி தன் சரக்கைத் தானே நிறுத்துக் காட்டுகிறான் என்று சொல்லலாம். நானும் முதலில் அதைத்தான் எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ஒரே ஆளை வைத்து நடந்ததும் இதேதானே?

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. யுபிசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்டிஃபையன்ட் என்ற சுடும் கேம், கேஷுவலில் திறன் பொருத்தம் கிடையாது என்பதையே விளம்பரமாக வைத்து 2024 மே மாதம் வந்தது. 2025 ஜூனில் மூடிவிட்டார்கள். "பார், அதனால்தான் செத்தது" என்று துள்ள வேண்டாம். அதன் நெட்கோடு, அதாவது ஆட்டக்காரர்களையும் சர்வரையும் இணையத்தில் ஒத்துப்போக வைக்கும் நிரல், பற்றி வந்த புகார்களே ஒரு மூட்டை. ஆனால் எனக்கு ருசியாகத் தெரிந்தது வேறு: அந்தக் கேமிலேயே 25-ஆம் நிலை வரை புதியவர்களுக்கென்று ஒரு தனி வரவேற்புப் பட்டியல் இருந்தது, அதில் திறன் பார்த்துத்தான் சேர்த்தார்கள். வேண்டவே வேண்டாம் என்று கொடி பிடித்தவர்களுக்கும் வாசலில் ஒரு தடுப்பு தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. 2025 இறுதியில் வந்த கால் ஆஃப் டூட்டியின் பிளாக் ஆப்ஸ் 7-இல் அதே ஆக்டிவிஷன், திறனை மிகக் குறைவாகப் பார்க்கும் திறந்த முறையையே வழக்கமாக்கி, மேட்ச் முடிந்தாலும் லாபி கலையாமல் இருக்கும்படி செய்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அந்தக் குறிப்பை எழுதிய நிறுவனம்! நம் புலம்பலுக்கும் கொஞ்சம் சக்தி இருக்கிறது போல.

பிப்ரவரி 22, இரவு

முதல் நாள் எழுதியதில் சுவரைப் பார்த்துச் சுட்ட ஆட்கள் என்றேனே, அவர்கள் ஆட்களே இல்லாமல் இருக்கலாம். ஃபோர்ட்நைட் 2019 செப்டம்பரில் திறன் பொருத்தத்தோடு சேர்த்தே பாட்களையும், அதாவது கணினியே ஆட்டும் போலி ஆட்களையும், இறக்கியது. அதற்குப் பிறகு பல கேம்களில் இது சகஜம். அன்று ஒரு மேட்சில் 34 கொன்றேன் என்று நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அதில் எத்தனை பேருக்கு உயிர் இருந்தது என்று இப்போது யோசிக்காமல் இருப்பதே நல்லது.

மார்ச் 1

ஒரு பாவ மன்னிப்பு. ஸ்மர்ஃப் என்று இங்கே எல்லாரும் திட்டுகிற வேலையை, அதாவது ஆடத் தெரிந்தவன் புது ஐடியில் புதியவர்களோடு போய் ஆடுவதை, நான் செய்தேன். இரண்டாவது ஐடி ஒன்று. ஆராய்ச்சிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு புது ஐடியை எத்தனை மேட்சில் அந்தக் கணக்கு அடையாளம் கண்டுபிடிக்கிறது என்று பார்க்கலாமே.

பழைய ட்ரூஸ்கில் கணக்கில் ஒவ்வொருவரும் 25 என்ற நடு மதிப்போடும், அதைச் சுற்றிப் பெரிய சந்தேக வட்டத்தோடும் ஆரம்பிப்பார்கள். ஆட ஆட வட்டம் சுருங்கும். ஒருவருக்கொருவர் ஆட்டமென்றால் 12 மேட்ச் போதும், நாலுக்கு நாலு அணியென்றால் 46, எட்டுக்கு எட்டு என்றால் 91 வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. அணி ஜெயித்ததா தோற்றதா என்பது மட்டும் தெரிந்தால், அதில் என் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க அவ்வளவு நாள் பிடிக்கும். 2018-இன் ட்ரூஸ்கில் 2 ஆளுக்கு ஆள் கொன்றது செத்தது எல்லாம் பார்ப்பதால் இன்னும் வேகம். நான் ஆடும் கேமில் என்ன கணக்கோ, எட்டாவது மேட்சுக்குள் சறுக்குகிற ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது. ஆனால் அந்த முதல் ஏழு மேட்சைச் சொல்ல வேண்டும். மூன்றாவதோ நான்காவதோ. எதிரணியில் ஒருவன், கேம் கொடுத்த ஆரம்ப உடையிலேயே இருந்தான். முளைத்தவுடன் அதே ஜன்னலுக்கு வருவான். நான் அங்கே குறி வைத்துக் காத்திருப்பேன். ஒன்பது தடவை. ஒன்பதாவது முறை அவன் ஜன்னலுக்கு வரவில்லை, பக்கத்து வாசல் வழியாக வந்து பார்த்தான், அதாவது ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறான். அங்கேயும் சுட்டேன். பத்தாவது முறை காத்திருந்தேன், வரவே இல்லை. ஸ்கோர்போர்டைத் திறந்தால் அவன் பெயர் இருந்த வரி காலி.

"சுமாரான ஆட்களை அடிக்க ஆசை" என்று பிப்ரவரி 7-இல் எழுதிய மூன்று பேருக்கும்: "கொஞ்சம் ஆமாம்" என்ற வரியில் "கொஞ்சம்" என்பதை எடுத்துவிட்டுப் படிக்கவும். ஐடியை அழித்துவிட்டேன்.

மார்ச் 3

"கடைசியில் உனக்கு என்னதான் வேண்டும்" என்று கேட்டவருக்கு.

அடியோடு தூக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கீழே தடுப்பு இருக்கட்டும். புதிதாக வந்தவனை என்னிடமிருந்து காப்பாற்றட்டும். அதைத் தாண்டிய பிறகு சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கலாம். ஒரு மேட்சில் என்னை மிதிக்கிறவனும் இருக்கட்டும், நான் மிதிக்கிறவனும் இருக்கட்டும், யார் யார் என்று பெயரோடு தெரியட்டும். பூட்டி வைத்த எண்ணைக் காட்டுங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, லாபியைக் கலைக்காதீர்கள். என்னை நாலு முறை கொன்றவன் அடுத்த மேட்சிலும் எதிரில் இருந்தால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மேட்சுக்கும் பதினொரு புது ஆட்களைக் கொட்டினால், திறன் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும், நான் ஆடுவது மனிதர்களோடு என்பதே மறந்து போகிறது.

லாபி கலையாமல் இருந்தால் பலமானவர்களே தங்கி மற்றவர்கள் ஓடிவிடுவார்கள் என்று எதிர்வாதம் வரும். வரும், தெரியும். எனக்குப் பதில் இல்லை. 1.6 காலத்திலும் அந்தக் கத்திக்காரனைத் தாங்காமல் எத்தனை பேர் ஓடினார்கள் என்று நான் எண்ணியதில்லை. ஓடாதவர்களோடுதானே பேசிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8

அக்கா மகன் தனி அறை போட்டு என்னைக் கூப்பிட்டான். அவனும் நானும் மட்டும், 30 கொலை வரை. எந்தக் கணக்கும் எங்களைச் சேர்க்கவில்லை. சேர்ப்பதாக இருந்தால் சேர்த்திருக்கவும் செய்யாது.

விட்டுக்கொடுத்து ஆடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கண்டுபிடித்துவிடுவான். ஒழுங்காகவே ஆடினேன். 30-க்கு 4. போன மாதம் 2-க்கு 21 என்று படுத்துக்கொண்ட அதே பையன், "இன்னொன்னு மாமா" என்றான். அதன் பிறகு இன்னொன்று. அந்த நான்கில் ஒன்று நான் துப்பாக்கியில் குண்டு நிரப்பும் நேரம் பார்த்து வந்து அடித்தது. அதை மட்டும் பதிவு செய்து வகுப்பில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறான்.

மார்ச் 8, பத்து நிமிடம் கழித்து

திருத்தம்: 30-க்கு 5. நான் எறிந்த குண்டில் நானே செத்ததையும் தன் கணக்கில் சேர்க்கச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறான்.